கதவு எண் 14-இல் நடக்காத முப்பத்தெட்டுக் குற்றங்கள்

அனுப்புநர்:
குழந்தைகள் பகல்நேரக் காப்பக நடத்துநர்
(தெருவில் 'போன் அக்கா' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்),
கதவு எண் 14,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
குற்றப் புள்ளிவிவரப் பிரிவு,
நகரக் காவல் தலைமை அலுவலகம்.

பொருள்: பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ள குற்ற வரைபடத்தில், வேறு இடங்களில் நடந்த குற்றங்கள் தகவல் சொன்னவரின் வீட்டில் நடந்தவையாகக் காட்டப்படுவது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. இணையதளத்தில் உள்ள 'பிழையைத் தெரிவிக்க' என்ற பொத்தான் வழியாக நான் அனுப்பிய ஒன்பது செய்திகள்.
2. அவற்றுக்குத் தங்கள் துறையிலிருந்து வந்த ஒன்பது நன்றிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்தை நேரில் ஐந்து முறை சொல்லிவிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆகவே இம்முறை எழுத்தில் தருகிறேன். நீளமாக இருப்பதற்கு மன்னிக்கவும். சுருக்கமாகச் சொன்னபோதெல்லாம் யாரும் கடைசிவரை கேட்கவில்லை.

1. நான் பதினாறு ஆண்டுகளாக என் வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தி வருகிறேன். ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள். காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஆறுவரை இருப்பார்கள். சமையலையும் துணி துவைப்பதையும் என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் போன் இருக்கிறது. என் கெட்ட காலம் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்ததுதான்.

2. எங்கள் தெருவில் இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. ஆனாலும் ஏதாவது நடந்தால் என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். காரணம் தாங்கள் அறியாததல்ல. "நம்ம பேரு வேணாம்க்கா, நீங்க சொல்லிடுங்க" என்பார்கள். பேர் கொடுத்தால் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், வேலைக்கு லீவு போட வேண்டும், எதிராளிக்கு முகம் தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கவலை கிடையாது. நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். ஆகவே காவல் நிலையத்தில் பேரும் முகவரியும் கேட்டால் என்னுடையதைச் சொல்லிவிடுவேன். 'போன் அக்கா' என்ற பட்டம் இப்படித்தான் வந்தது. ஒரு காலத்தில் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

3. நகரில் எங்கே என்ன குற்றம் நடக்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு வரைபடம் வேண்டும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியிருப்போர் சார்பில் ஒரு மனு கொடுக்கப்பட்டது. அதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது மாதங்களுக்கு முன் தங்கள் துறை அந்த வரைபடத்தை வெளியிட்டபோது, பிள்ளைகளை விட வரும் தாய்மார்களிடம் நானே அதை எடுத்துக் காட்டினேன். "உங்க வீட்டுப் பக்கம் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று சொன்னேன். அவர்கள் தங்கள் வீட்டுப் பக்கத்தையும் பார்த்தார்கள், என் வீட்டுப் பக்கத்தையும் பார்த்தார்கள்.

4. என் வீட்டின் மேல் அடர்சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. புள்ளிகள் கூடக்கூட வட்டம் பெரிதாகும் என்று ஓரத்தில் விளக்கம் போட்டிருக்கிறார்கள். என்னுடையது பெரிதாகி இரண்டு பக்கத்து வீடுகளையும் மூடிக்கொண்டிருந்தது. சென்ற மாதம்வரை அதை அழுத்தினால், நான்கு ஆண்டுகளில் கதவு எண் 14-இல் முப்பத்தேழு குற்றங்கள் என்று வந்தது. வாகனத் திருட்டு பதினொன்று. என்னிடம் வாகனம் எதுவும் இல்லை. குடித்துவிட்டுச் சண்டை ஆறு. நானும் தங்கையும் சண்டை போடுவது உண்டுதான், ஆனால் அது வேறு. கொடுங்காயம் ஒன்று. இது பேருந்து நிறுத்தத்தில், என் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பேருக்குள் நடந்த கத்திக்குத்து. பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னார், நான் போன் செய்தேன். தங்கள் வரைபடத்தில் அந்தப் புள்ளி சரியாகக் குழந்தைகள் தூங்கும் அறையின் மேல் விழுந்திருக்கிறது.

5. என் வீட்டில் உண்மையில் நடந்த குற்றம் ஒன்றே ஒன்று. கொடியில் காயப்போட்டிருந்த குழந்தைகளின் போர்வைகள் ஆறு காணாமல் போயின. போர்வைக்குப் போய் யார் புகார் கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஆகவே அது மட்டும் வரைபடத்தில் இல்லை.

6. இது எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எங்கள் காவல் நிலையத்தில் போன் தகவல்களைப் பதியும் எழுத்தர் நல்ல மனிதர். நான் போனபோது தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டார். படிவத்தைக் காட்டினார். முதல் கட்டம், தகவல் சொன்னவரின் பேரும் முகவரியும். அடுத்த கட்டம், சம்பவம் நடந்த இடம். முதல் கட்டத்தில் என் முகவரி இருக்கிறது. அடுத்த கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம், அழகான கையெழுத்தில், 'மேற்படி' என்று இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்தவரும். "தெரு ஒண்ணுதானம்மா, பத்தடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னா என்ன ஆகிடப் போகுது? அந்தக் கட்டத்தை யார் படிக்கிறாங்க?" என்றார். அவர் சொன்னது உண்மை. கம்ப்யூட்டர் வரும்வரை அந்தக் கட்டத்தை யாரும் படிக்கவில்லை. இந்த மனுவில் அந்த 'மேற்படி' என்ற சொல்லை என் சார்பில் நான் எங்கும் எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம்.

7. திருத்தச் சொல்லிக் கேட்டேன். எழுதி மேலே அனுப்பிவிட்டதைத் தொடத் தமக்கு அதிகாரம் இல்லை என்றது காவல் நிலையம். கீழேயிருந்து வந்ததை மாற்றத் தமக்கு அதிகாரம் இல்லை என்றது தங்கள் புள்ளிவிவரப் பிரிவு. அங்கே மூன்றாம் மாடியில், மின்தூக்கி வேலை செய்யாத நாளில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞர் என்னை ஆறுதலாகப் பார்த்து, "மேடம், வேணும்னா போன் பண்றதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. முழங்கால் வலி என்று எண்ணிக்கொண்டேன்.

8. வரைபடம் வந்தபோது காப்பகத்தில் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். இன்று ஐந்து பேர் இருக்கிறார்கள். போனவர்களில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய், இரட்டைக் குழந்தைகளை அழைத்துப் போக வந்த மாலையில், கைபேசியை என் முன் நீட்டி, "இதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா அவங்க அப்பா பார்த்துட்டாரு" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அழைத்துக்கொண்டுதான் போயிருப்பேன். ஒன்றரை வயதுக் குழந்தையை யார் கத்திக்குத்து நடந்த வீட்டில் விடுவார்கள்?

9. காப்பகத்தின் உரிமம் இம்மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பதற்காகக் குழந்தைகள் நலத் துறையின் பெண் ஆய்வாளர் இரண்டரை மாதங்களுக்கு முன் வந்து பார்த்தார். தண்ணீர் வடிகட்டி, மாடிப்படித் தடுப்பு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தி என்று எழுதினார். கடைசியில் கைபேசியை எடுத்து வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார். "எனக்கு உங்களைத் தெரியும்மா. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான கேப்பாங்க" என்றார். அவரும் நல்லவர்தான். எனக்காக ஒரு வழி யோசித்துச் சொன்னார். பழையதை விட்டுவிடலாம், அன்றிலிருந்து மூன்று மாதம் என் வீட்டின் மேல் புதிய புள்ளி எதுவும் விழாவிட்டால், நிலைமை சீரடைந்துள்ளது என்று எழுதி உரிமம் தருவதாகச் சொன்னார். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருவார்.

10. அன்றிலிருந்து நான் போன் செய்வதை நிறுத்தினேன். முதல் வாரம் இஸ்திரி போடுபவரின் சைக்கிள் போனது. "ஸ்டேஷன்ல சொல்லி என்ன ஆகப் போகுது" என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். இன்னொரு நாள் தொட்டிப் பக்கம் யாரோ ஒரு பெண் சத்தம் போட்டது கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. என்ன என்று நான் போய்க் கேட்கவில்லை. இப்படி ஏழு வாரம் ஓட்டினேன். ஐந்தாவது வாரத்தில் ஒரு குழந்தை திரும்பி வந்து ஆறு பேர் ஆனார்கள். பரவாயில்லை, பிழைத்துவிடலாம் என்று தங்கையிடம் சொன்னேன்.

11. கீழே எழுதுவது என் கோரிக்கைக்குத் தேவையில்லாததுபோல் தோன்றலாம். ஆனால் இதை எழுதாமல் இம்மனுவில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பகல் 12.20. குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வரிசையில் கதவு எண் 9-இல் தையல்காரர் ஒருவர் வாசலிலேயே இயந்திரம் போட்டுத் தைக்கிறார். ஒரு காலை விந்தி நடப்பார். என்னைவிட வயதில் சிறியவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். குழந்தைகளின் மெத்தை உறைகளையெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுத்தார். பைக்கில் இரண்டு பேர் வந்து ஏதோ துணியைக் காட்டிப் பேசினார்கள். பேசிக்கொண்டே அவர் மேஜைமேல் இருந்த கைபேசியை ஒருவன் எடுத்துக்கொண்டான். தையல்காரர் எழுந்து பைக்கின் பின்கம்பியைப் பிடித்துவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை. சாக்கடை ஓரக் கல்லில் அவர் தலை மோதியது. இதை நான் ஜன்னல் வழியாக முழுவதும் பார்த்தேன்.

போனை எடுத்தேன். இரண்டு எண்களை அழுத்தினேன். தங்கை, "யாராவது பண்ணுவாங்கக்கா" என்றாள். வைத்துவிட்டேன். அவள் சொன்னதால் வைத்தேன் என்று எழுதினால் அது பொய். வைப்பதற்கு எனக்கே ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இன்னும் ஐந்தே வாரம், ஒரு புள்ளி விழுந்தால் எல்லாம் போச்சு என்ற கணக்குத்தான் என் மனதில் ஓடியது.

தெருவில் ஆட்கள் கூடினார்கள். அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். ஒருவரும் போன் செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம் அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதல்ல. நான் செய்திருப்பேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பதினாறு வருடமாக அவர்களை அப்படிப் பழக்கியது நான்தான். கடைசியில் இஸ்திரி போடுபவர் ஜன்னலுக்கு வந்து, "சொல்லிட்டீங்கல்லக்கா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்" என்றேன். அவர் திரும்பிப் போன பிறகுதான் போன் செய்தேன்.

அது 12.34. தங்கள் துறையின் பதிவிலும் அப்படித்தான் இருக்கும். குழந்தைகளின் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில், நான் செய்யும் ஒவ்வொரு போனையும் நாள், நேரம், நடந்த இடம் போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அன்று சம்பவ நேரத்தை முதலில் 12.30 என்று எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டு 12.20 என்று திருத்தினேன். இணைப்பிலுள்ள நகலில் அந்த அடித்தல் தெரியும்.

12. தையல்காரர் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். வலது கை இன்னும் சரியாகப் பிடிப்பதில்லை. கத்தரிக்கோலை இடது கையில் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மருத்துவர் சொன்னதாக அவர் மனைவி என்னிடமே சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்களாவது போன் பண்ணீங்களேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா, அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. தங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். இந்த மனுவை அனுப்பிவிட்டு எதிர்வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.

13. அந்தச் சம்பவத்தின் புள்ளி அடுத்த வாரமே வரைபடத்தில் வந்தது. கதவு எண் 9-இல் அல்ல, 14-இல். முப்பத்தெட்டாவது. தையல்காரர் விழுந்த இடம் தங்கள் வரைபடத்தில் சுத்தமாக, வெள்ளையாக இருக்கிறது. திரும்பி வந்த குழந்தை மறுபடி போய்விட்டது.

14. தையல்காரரை இழுத்து விழவைத்துவிட்டுப் போன இருவரும் இன்னும் பிடிபடவில்லை. ஒருவேளை கடைத்தெரு முனையில் நிற்கும் ரோந்து வண்டிக்கு உடனே தகவல் போயிருந்தால் பிடித்திருக்கலாம். அந்தப் பதினான்கு நிமிடத்துக்குத் தங்கள் துறை பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது என்னுடையது. ஆனால் ஒரு மனுஷிக்கு அப்படி ஒரு கணக்குப் போடத் தோன்றும்படி ஏற்பாடு செய்து வைத்திருப்பது மட்டும் என்னுடையதல்ல.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது:

அ. இத்துடன் இணைத்துள்ள பட்டியலை நிலையப் பதிவோடு ஒப்பிட்டு, முப்பத்தெட்டுப் புள்ளிகளையும் அவையவை நடந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். நாளும் நேரமும் இடமும் எழுதியிருக்கிறேன். ஒரு ஆள் உட்கார்ந்தால் ஒரு பகலில் முடியும் வேலை.

ஆ. சம்பவ இடம் என்ற கட்டத்தில் இடத்தின் பெயரைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் உத்தரவிட வேண்டும். என்னைப் போல் அடுத்தவருக்காகப் போன் செய்கிறவர்கள் இந்த நகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்கள் வீடெல்லாம் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

இ. இருபத்தெட்டாம் தேதிக்குள் இவ்விஷயத்தை விளக்கிக் குழந்தைகள் நலத் துறை ஆய்வாளருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவருக்கு வேண்டியது ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும்தான்.

ஈ. எழுத்தர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். எடுத்தால் அடுத்து வருபவர் பயத்தில் எதையுமே பதியமாட்டார்.

உ. தொல்லை என்று நினைத்து வரைபடத்தையே எடுத்துவிட வேண்டாம். அதைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. சரியாக இருந்தால் அது நல்ல காரியம்.

கடைசியாக ஒன்று. இன்று காலை பத்து மணிக்குத் தொட்டிப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்ணின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உடனே போன் செய்தேன். தங்கை ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். இடத்தை எழுத்தரிடம் மூன்று முறை சொன்னேன். "எழுதிட்டேன்மா" என்றார். என்ன எழுதினார் என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும்.

இனிமேல் எது நடந்தாலும் செய்வேன். இருபத்தெட்டாம் தேதிவரை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உரிமம் கிடைத்திருக்கும், குழந்தைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்திருப்பார்கள், தங்கள் புள்ளிவிவரத்தில் எங்கள் தெருவில் குற்றம் குறைந்துவிட்டதாகவும் வந்திருக்கும். ஏழு வாரம் அப்படித்தான் குறைந்தது. குறைந்தது எப்படி என்று தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
கதவு எண் 14-இல் வசிப்பவர்

இடம்: காப்பகத்தின் முன்னறை
நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் ஐவரும் தூங்கும் நேரம்

இணைப்பு: வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள், பன்னிரண்டு தாள், நகல்.